தானே நிமிரும் பயிற்சி விமானம்: 3 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களை 16 ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வருகிறேன். ஆனால் விமானத்தை இயக்கும் கைக்கருவியான டிரான்ஸ்மிட்டரையே கையில் பிடித்திராத ஒருவரை முதல் நாளிலிருந்து பழக்கியது இந்த ஆண்டுதான். என் அக்காவின் கணவர் பணி ஓய்வு பெற்ற கையோடு, "மாப்பிள்ளை, எனக்கும் இதக் கத்துக் குடுப்பா" என்று வந்து நின்றார். நான் பழகிய பால்சா மர விமானம் பரணில் இருந்தது; இருந்தாலும், இப்போது தொடக்கநிலையாளர்களுக்கென்றே தயாரித்து விற்கும், சாய்வை உணர்ந்து திருத்தும் ஜைரோ கருவியின் துணையால் தானே நிமிர்ந்துகொள்ளும் ஃபோம் விமானம் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். 3 மாதங்களில் அது 60 முறைக்கு மேல் பறந்துவிட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏறத்தாழ இதே அளவில், ஜைரோவின் துணை எவ்வளவு என்று தேர்ந்தெடுக்கும் இதே மூன்று நிலைச் சுவிட்சுடன் பல நிறுவனங்கள் விற்கின்றன. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகை முழுமைக்கும் பொருந்தும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விமானம் நன்று, அதை வைத்து எப்படிப் பழக வேண்டும் என்று அதன் கையேடு சொல்லும் முறை நன்றன்று.

பெட்டிக்குள் உடற்பகுதி, இரண்டு துண்டுகளாக இறக்கை, வால், சக்கரங்கள், டிரான்ஸ்மிட்டர், 3 செல் கொண்ட 2200 மில்லியாம்பியர் மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சார்ஜர், கையேடு ஆகியவை இருந்தன. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 1.2 மீட்டர்; முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 20 சென்டிமீட்டர். பேட்டரியோடு தராசில் வைத்தபோது ஏறக்குறைய 1 கிலோ காட்டியது. பல நாடுகளில் 250 கிராமைத் தாண்டும் விமானங்களுக்குப் பதிவு செய்ய வேண்டிய கடமை உண்டு. இது அந்த எல்லையைப்போல் நான்கு மடங்கு. இத்தகைய செய்தியைப் பெட்டியின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது போதாது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டும்.

பூட்டும் வேலையை மாமாவிடமே விட்டுவிட்டேன். நான்கு திருகுகள், அரை மணி நேரம், வேலை முடிந்தது. இடப்பக்க எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கி விமானத்தைச் சாய்க்கும் பலகை) மட்டும் நடுநிலையில் 2 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது; இணைப்புக் கம்பியின் முனையை இரண்டு சுற்றுச் சுற்றியதும் சமனாகிவிட்டது. இது சிறிய குறைதான். ஆனால் இதைச் சரிபார்க்கச் சொல்லும் ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை. சுவிட்சின் முதல் நிலையில் பறக்கும்போது ஜைரோ இந்தக் கோணலைத் தானே ஈடுகட்டிவிடுவதால், வாங்கியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது; அந்த நிலையை விட்டுப் பறக்கும் முதல் நாளில்தான், விமானம் ஏன் ஒரே பக்கமாக இழுக்கிறது என்று விழிப்பார்.

உடலமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. இறக்கை உடலின் மேல்தளத்தில் அமர்ந்திருக்கிறது. இரு பாதிகளும் நுனியை நோக்கிச் சற்றே உயர்கின்றன. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது, தாழ்ந்த பக்கத்து இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்துக் கூடுதல் ஏற்றம் பெறுகிறது. அதனால் மெல்ல நிமிர்கிறது. (உடல் கீழே தொங்குவதால்தான் கடிகார ஊசல்போல் நிமிர்கிறது என்று பல காலம் நானும் நம்பியிருந்தேன், முதன்மைக் காரணம் இந்த ஏற்றக் கோணம்தான்.) இறக்கையின் அடிப்பக்கம் ஏறத்தாழத் தட்டையாக இருக்கிறது. வர்ஜீனியஸ் கிளார்க் 1922-இல் வரைந்த கிளார்க் ஒய் வடிவத்தின் வழித்தோன்றல் இது. லிண்ட்பெர்க் 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தனியாகக் கடந்த விமானமும் அந்த வடிவ இறக்கையைத்தான் கொண்டிருந்தது. நூறாண்டுப் பழைமையான வடிவம் இன்னும் பயிற்சி விமானங்களில் நீடிப்பதற்குக் காரணம், அது குறைந்த வேகத்திலும் பிடிவாதமாகத் தாங்கி நிற்பதும், தாங்க முடியாத அளவுக்கு வேகம் குறையும்போது திடீரென்று கவிழாமல், மூக்கை மெதுவாகத் தாழ்த்தி முன்னறிவிப்புக் கொடுப்பதும்தான். இந்த எடைக்கும் இறக்கைப் பரப்புக்கும் நான் போட்ட கணக்கில், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஸ்டால் ஆக வேண்டும், அதாவது இறக்கை ஏற்றத்தை இழக்க வேண்டும். தொடக்கநிலையாளரின் கைக்கு இது இணக்கமான வேகம். அதற்கு மேலுள்ள வேகங்களில் சிந்திக்க நேரம் கிடைக்கிறது.

மோட்டார் மூக்கில் இல்லை. இறக்கைக்கு மேலே, பின்னோக்கி அமைந்திருக்கிறது. இதனால் ப்ரொப்பெல்லர் பிழைத்துப்போகிறது. தரையிறங்கும்போது மாமா மூக்கை மண்ணில் குத்திய நாள்கள் கணிசமாக உண்டு. மூக்கில் மோட்டார் உள்ள விமானமாக இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு ப்ரொப்பெல்லர் போயிருக்கும். இங்கே 3 மாதங்களில் ஒன்றுதான் உடைந்தது. பேட்டரியைச் செருகும்போது விரல்களும் ப்ரொப்பெல்லரின் பாதையில் இருப்பதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. தள்ளுவிசை விமானத்தின் எடைமையத்துக்கு மேலே இருப்பதால், த்ராட்டிலைத் திடீரென்று ஏற்றினால் மூக்கு ஒரு கணம் தாழ்கிறது, இறக்கினால் உயர்கிறது. "பவரக் கூட்டினா மேல போகும்னு சொன்னியே, கீழல்ல குனியுது?" என்று மாமா கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. வேகம் கூடியபின் விமானம் ஏறத்தான் செய்கிறது. இடையிலுள்ள அந்த ஒரு நொடியைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. த்ராட்டிலைப் படிப்படியாக ஏற்றப் பழகிவிட்டால் இது உறுத்துவதில்லை.

இனி இந்த விமானத்தை வாங்குவதற்கும் தயங்குவதற்கும் ஒரே காரணமாக இருக்கும் அந்த மூன்று நிலைச் சுவிட்சுக்கு வருகிறேன்.

முதல் நிலையில், டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் விமானம் ஓர் எல்லைக்கு மேல் சாயாது, மூக்கும் ஓர் எல்லைக்கு மேல் உயராது, தாழாது; கையை எடுத்தால் தானே நிமிர்ந்து நேராகப் பறக்கும். இரண்டாம் நிலையில் அந்த எல்லைகள் வெகுவாக விரிவடைகின்றன. முக்கியமாக, தானாக நிமிர்வது நின்றுவிடுகிறது. மூன்றாம் நிலையில் எல்லைகளும் இல்லை. காற்றின் உலுக்கலை மட்டும் ஜைரோ சற்றுத் தணிக்கிறது. இவற்றைத் தவிர ஒரு பொத்தானும் உண்டு: எந்த நிலையில் இருந்தாலும் அதை அழுத்திப் பிடித்தால் விமானம் நிமிர்ந்து நிற்கும். முதல் நிலையில் நிதானம் வந்தபின் இரண்டாம் நிலைக்கும், அதில் நிதானம் வந்தபின் மூன்றாம் நிலைக்கும் செல்லுங்கள் என்பது கையேட்டின் அறிவுரை. கேட்பதற்கு மிகச் சரியாகத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் செய்தேன். 6 நாள்கள் மாமா முதல் நிலையில் அழகாக வட்டமடித்தார். வேடிக்கை பார்த்தவர்கள் இவர் பல காலம் பழகியவர் என்றே நினைத்தார்கள்.

ஏழாம் நாள் சுவிட்சை இரண்டாம் நிலைக்கு மாற்றினேன். சுமார் 60 மீட்டர் உயரத்தில், வழக்கம்போல் இடப்புறம் திரும்புவதற்காக அவர் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளி, வழக்கம்போல் அங்கேயே பிடித்துக்கொண்டார். விமானம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே இருந்தது. இடது இறக்கை தரையைப் பார்த்து நின்றதும் மூக்கு விழத் தொடங்கியது. மூக்கு விழுவதைக் கண்டவர், யாராக இருந்தாலும் செய்வதுபோல், எலிவேட்டரைப் (வாலிலுள்ள பலகையால் மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு) பின்னால் இழுத்தார். செங்குத்தாகச் சாய்ந்த விமானத்தில் எலிவேட்டரை இழுத்தால் மூக்கு மேலே வராது, திருப்பம்தான் இறுகும். சுழன்று இறங்கும் அந்த வளையம் ஒவ்வொரு சுற்றுக்கும் குறுகிக்கொண்டே வந்தது. நான் என் டிரான்ஸ்மிட்டரில் அழுத்திப் பிடித்திருந்த பயிற்சிச் சுவிட்சை விட்டு, கட்டுப்பாட்டை என் கைக்கு வாங்கி, முதலில் இறக்கையை நிமிர்த்தி, அதன் பிறகு மூக்கைத் தூக்கியபோது, சக்கரங்களின் அடியில் புல் நுனிகள் தெரிந்தன.

மாமா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நீண்ட நேரம் கழித்து, "அப்ப இத்தன நாளும் நான் ஓட்டலயா மாப்பிள்ளை?" என்றார். "பாதி நீங்க, பாதி அது" என்றேன்.

நடந்ததற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்வது வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். எந்தத் துணையும் இல்லாத விமானத்தில் எய்லரான் ஸ்டிக் சொல்வது "எவ்வளவு வேகமாக உருள வேண்டும்" என்பதை. வேண்டிய அளவு சாய்ந்ததும் ஸ்டிக்கை நடுவில் விட்டுவிட வேண்டும். சாய்வு ஏறக்குறைய அப்படியே நிற்கும். பிறகு எலிவேட்டரைச் சிறிது இழுத்து மூக்கு தாழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திருப்பம் முடியும்போது எதிர்ப்பக்கம் தள்ளி நிமிர்த்த வேண்டும். சாய்ப்பது, விடுவது, இழுப்பது, நிமிர்த்துவது என்ற நான்கு அடிகள் கொண்ட தாளம் இது. தானே நிமிரும் நிலையிலோ அதே ஸ்டிக் சொல்வது "எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும்" என்பதை. பிடித்திருக்கும் வரை சாய்ந்திருக்கும், விட்டால் நிமிர்ந்துவிடும். ஆகவே இந்த நிலையில் பழகுபவரின் விரல், திருப்பம் முடியும் வரை பிடித்துக்கொள் என்ற பாடத்தைத்தான் கற்கிறது. அடுத்த நிலையில் அவரைத் தரையில் இறக்குவதும் அதே பாடம்தான். 6 நாளில் படிந்த அந்தப் பழக்கத்தைப் போக்க எங்களுக்கு இன்னும் 9 நாள் தேவைப்பட்டது. கையேட்டில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது, படம் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. இந்த விமானத்தின் மீது எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை இதுதான்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். புறப்படும்போதே இரண்டாம் நிலை; நான் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்; மாமா வாய்க்குள் "சாய், விடு, இழு, நிமிர்த்து" என்று முணுமுணுத்துக்கொண்டே திருப்புவார். முதல் நிலையை இருவரும் தொடுவதில்லை. மீட்புப் பொத்தான் மட்டும் ஆபத்துக்குக் கைகொடுக்க இருந்தது. மாமாவின் நண்பர் ஒருவர் சென்ற மாதம் எங்களோடு சேர்ந்தார். அவரை முதல் நாளே இரண்டாம் நிலையில் தொடங்க வைத்தேன். மாமாவுக்கு 15 நாளில் வந்த திருப்பம் அவருக்கு 4 நாளில் வந்துவிட்டது. இருவரை வைத்து விதி எழுத முடியாது. அவர் வயதில் இளையவர், கையும் நிதானமானது. இருந்தாலும் இனி யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுவேன்.

ஆனால் இந்த வரிசை இரட்டை டிரான்ஸ்மிட்டர் இருந்தால்தான் இயலும். ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டர் விமானத்தோடு இணைந்திருக்கும். மாணவரின் டிரான்ஸ்மிட்டர் ஆசிரியருடையதோடு இணைந்திருக்கும். ஆசிரியர் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மாணவர் ஓட்டுவார். விரலை எடுத்த கணம் விமானம் ஆசிரியருக்குத் திரும்பிவிடும். முன்பு இதற்கு இரண்டையும் ஒரு கேபிளால் கட்டி வைப்பார்கள், இருவரும் இரட்டை மாடுபோல் சேர்ந்தே நகர வேண்டும். இப்போது கம்பியில்லாமலேயே இணைகிறது. பெட்டியில் வந்த டிரான்ஸ்மிட்டருக்கு மாணவராக இருக்க மட்டுமே தெரியும்; ஆசிரியர் பக்கத்துக்கு என்னுடையதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே நெறிமுறையில் பேசுபவையாக இருந்ததால் தப்பித்தோம். வாங்குபவர்கள், தங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறவரிடம் எந்த வகை டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஸ்டிக் அமைப்பும் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியில் வருவது த்ராட்டிலும் ரட்டரும் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) இடக்கையிலும், எலிவேட்டரும் எய்லரானும் வலக்கையிலும் அமைந்த மோட் 2.

இந்த இணைப்பில் நான் பட்ட ஒரு சூடு உண்டு. முதல் நாள் மாமாவிடம் விமானத்தைக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த த்ராட்டில் ஸ்டிக்கை யோசிக்காமல் கீழே இறக்கி வைத்திருந்தேன். அவர் தடுமாறியதும் கட்டுப்பாட்டை வாங்கினேன். வாங்கிய கணமே என் ஸ்டிக் சொன்னபடி மோட்டார் நின்றுவிட்டது. உயரம் இருந்ததால் பிழைத்தது. மாணவரின் த்ராட்டில் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஆசிரியரின் த்ராட்டிலும் இருக்க வேண்டும் என்பது 16 ஆண்டு பறந்தவனுக்கும் அன்றுதான் உறைத்தது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வாய்விட்டுச் சொல்வதை அன்றிலிருந்து வழக்கமாக்கினோம். "உங்க கையில மாமா" என்பேன், "எங்கிட்ட" என்பார். சில நாள்களில் நான் வாங்குவதற்கு முன்பே, "புடி மாப்பிள்ளை, புடி!" என்று குரல் வரும்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாக மாறித் தெரிவதே எல்லாத் தொடக்கநிலையாளர்களுக்கும் பெரிய தடை. இதில் இந்த விமானத்தின் நிறப்பூச்சு கைகொடுக்கிறது: இறக்கையின் மேற்பக்கம் வெளிர் நிறம், அடிப்பக்கம் அடர்ந்த பட்டைகள். 100 மீட்டர் தொலைவில் மேல் எது, கீழ் எது என்று சட்டென்று பிடிபடுகிறது. 200 மீட்டரைத் தாண்டினால் என் கண்ணுக்கே எல்லாம் கறுப்புக் கோடாகிவிடுகிறது. மாமாவுக்கு நான் சொன்ன உத்தி பழையதுதான்: விமானம் எதிரே வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளி, அதற்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். இடமா வலமா என்று யோசிப்பதைவிட இது விரைவாக வேலை செய்கிறது. சிமுலேட்டரில் இதை மட்டும் தினமும் கால் மணி நேரம் பழகச் சொன்னேன். பெட்டியில் வந்த டிரான்ஸ்மிட்டரைக் கணினியோடு இணைக்கக் கேபிள் தரவில்லை. தனியாக வாங்க வேண்டியிருந்தது. பழகுபவருக்கென்றே விற்கும் பொருளில் இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை.

தரையிறக்கத்தைப் பொறுத்தவரை, முதல் நிலை ஏமாற்றும் இன்னோர் இடம் இது. அந்த நிலையில் த்ராட்டிலைக் குறைத்துவிட்டுச் சும்மா நின்றாலே விமானம் சமனாக இறங்கி வந்து, பாதி நேரம் தானே உட்கார்ந்துவிடும். பார்த்தவர்கள் கைதட்டுவார்கள். இரண்டாம் நிலையில்தான், இறங்கும் உயரத்தைத் த்ராட்டிலாலும், வேகத்தை மூக்கின் கோணத்தாலும் கட்டுப்படுத்துவது என்றால் என்ன என்று மாமாவுக்குப் புரிந்தது. ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தை அவர் எப்போதும் இறுக்கமாகப் போடுவார். 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை தாங்க வேண்டிய சுமை இரு மடங்காகிறது, ஸ்டால் வேகம் 1.4 மடங்காகிறது, அதாவது 28 கிலோமீட்டரில் தாங்கிய அதே இறக்கைக்கு இப்போது ஏறத்தாழ 40 தேவை. த்ராட்டிலைக் குறைத்துக்கொண்டு மெதுவாக வரும் விமானத்திடம் அந்த வேகம் இருக்காது. இதைப் பாதுகாப்பாகக் காட்ட, 60 மீட்டர் உயரத்தில் வேண்டுமென்றே ஸ்டால் செய்து காட்டினேன். மூக்கு தயங்கித் தயங்கி உயர்ந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பின் குனிந்து 5, 6 மீட்டர் இறங்கித் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. "கடைசித் திருப்பத்துல இது ஆனா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வட்டத்தை அவரே அகலமாகப் போட்டார்.

பேட்டரியும் சார்ஜரும்: பேட்டரியில் குறையில்லை, மிதமான த்ராட்டிலில் 10 நிமிடம் வரை பறக்கலாம். நாங்கள் டிரான்ஸ்மிட்டரில் 6 நிமிடத்துக்கு டைமர் வைத்துவிடுகிறோம், ஏனென்றால் தரையிறங்க இரண்டு, மூன்று முயற்சிகள் தேவைப்படுகின்றன. சார்ஜர்தான் அற்பமானது. 0.8 ஆம்பியர் மட்டுமே கொடுப்பதால், 2200 மில்லியாம்பியர் மணி பேட்டரி நிரம்ப மூன்று மணி நேரம் ஆகிறது. 6 நிமிடம் பறந்துவிட்டு அரை நாள் காத்திருந்தால் யாருக்கும் ஆர்வம் வடிந்துவிடும். அதில், பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திச் சேமித்து வைக்கும் வசதியும் இல்லை. முழுதாக நிரம்பிய லிப்போவை வாரக்கணக்கில் அப்படியே வைத்தால் அதன் ஆயுள் குறையும், உப்பிப்போகவும் கூடும். நல்ல சார்ஜர் ஒன்றும் கூடுதலாக இரண்டு பேட்டரிகளும் வாங்கிய பிறகுதான் பயிற்சி சூடுபிடித்தது.

பேட்டரியை வைக்கும் இடம் அளவுக்கு மீறி நீளமாக இருக்கிறது. அதைப் பொருத்த ஒட்டுப்பட்டி இருக்கிறதே தவிர, இங்கேதான் வைக்க வேண்டும் என்ற குறி இல்லை. எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் 30 விழுக்காட்டுக்கும் இடையில், அதாவது இந்த இறக்கையில் 5-இலிருந்து 6 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. பேட்டரி சுமார் 180 கிராம். அது 3 சென்டிமீட்டர் பின்னே நகர்ந்தால் எடைமையம் 5 மில்லிமீட்டருக்கு மேல் பின்னே போய்விடும். விமானம் உடனே குதிரைபோல் துள்ளத் தொடங்கும். ஒரு நாள் அப்படித் துள்ளியபின், சரியான இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். முதல் நிலையில் பறந்திருந்தால் இந்தத் துள்ளலையும் ஜைரோ மறைத்திருக்கும்.

ஜைரோவை நம்பிப் பறப்பதானால், பேட்டரியைச் செருகியதும் விமானத்தைச் சமதரையில் சில நொடிகள் அசையாமல் வைக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகைகள் ஒருமுறை ஆடி நின்றால் தயார் என்று பொருள். மாமா மடியில் வைத்துச் செருகிவிட்டு, "ஆடவே மாட்டேங்குதே" என்று கேட்ட நாள்கள் உண்டு. அதன் பிறகு முதல் நிலையில் வைத்து, விமானத்தைக் கையில் எடுத்து மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே இறங்க வேண்டும்; வலது இறக்கையைத் தாழ்த்தினால் வலது எய்லரான் இறங்க வேண்டும். எதிராக அசைந்தால், தவறைத் திருத்துவதற்குப் பதிலாக ஜைரோ அதைப் பெருக்கும். அப்படிப் புறப்பட்ட விமானம் இரண்டு நொடிகூடத் தாங்காது. இந்தச் சோதனையைக் கையேடு தெளிவாகப் படம் போட்டு விளக்கியிருக்கிறது. பாராட்ட வேண்டியது.

உறுதியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மூக்கு மூன்று முறை நசுங்கியது. கொதித்த நீரை ஊற்றினால் ஃபோம் உப்பிப் பழைய வடிவத்துக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது. ஒரு மரக்கிளையில் மோதி இறக்கை நடுவில் பிளந்தது. ஃபோமுக்கு ஏற்ற பசையும் உள்ளே செருகிய கார்பன் குழாயும் அதை மறுநாளே பறக்கவைத்தன. முன்சக்கரத்தின் கம்பி மட்டும் மெல்லியது; ஒவ்வொரு மோசமான தரையிறக்கத்துக்குப் பிறகும் குறடால் நிமிர்த்துகிறோம். உதிரிப் பாகங்கள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன என்பது இந்த விமானத்துக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய பெரிய செய்தி.

கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் உள்ளவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இரண்டாம் நிலையில் தொடங்க வேண்டும். ஆள் இல்லாமல் தனியாகப் பழக வேண்டியவர்களுக்கு முதல் நிலை ஒரு வரம்தான். அது இல்லாவிட்டால் முதல் நாளே விமானம் துண்டுகளாக வீடு திரும்பும். அவர்கள் சிமுலேட்டரில் ஜைரோ இல்லாத விமானத்தை எடுத்து, திருப்பத்தின் நான்கு அடிகளும் விரலில் படியும் வரை பழகிவிட்டு, திடலில் முதல் நிலையை ஒரு சில முறை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, போதிய உயரத்தில் பறக்கும்போது இரண்டாம் நிலைக்கு மாறிவிடலாம். காற்று மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டும் நாளில் யாராக இருந்தாலும் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது; இந்த எடைக்கு அது அதிகம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பாதி கையேட்டுக்கு, மீதி சார்ஜருக்கு. மாமா ஐந்து கொடுக்கச் சொல்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்றாம் நிலையில், என் டிரான்ஸ்மிட்டர் மேசை மீது கிடக்க, புறப்பட்டு, நான்கு வட்டம் அடித்து, ஓடுபாதைக்கு 10 மீட்டர் வெளியே புல்லில் இறக்கினார். முன்சக்கரம் வளைந்திருந்தது, குறடை அவரே தேடி எடுத்துக்கொண்டு போனார்.